நேரம் எழுதாத எச்சரிக்கை

ஓர் இணையப் பக்கத்துக்குள் நான் நுழைவதும் முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைவதும் ஒன்றுதான். கண் உள்ளவர்கள் படலையில் நின்றபடியே வீடு முழுவதையும் பார்த்துவிடுவார்கள். நான் சுவரைத் தடவி, கதவு கதவாகத் தட்டி, இது குசினி, இது சாமியறை என்று அறிந்துகொண்டே போக வேண்டும். சில வீடுகளுக்குக் கதவே இருக்காது. சில வீடுகளில் சுவர் முழுக்கக் கதவாக இருக்கும், ஒன்றும் திறக்காது. அப்படிப்பட்ட வீடுகளுக்குள் எங்களைப் போன்றவர்களுக்கு வழி வெட்டுவதுதான் நமது தொழில். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, அந்தத் தொழிலின் நுட்பத்தைக் காட்டித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவசரம் இல்லாவிட்டால், நடந்த ஒன்றை என்னிடம் கேளுங்கள்.

நான் பனிச்சங்கேணியில் பிறந்தவள். இரண்டாம் வகுப்பில் காய்ச்சல் வந்து கண் போயிற்று. அதற்குள் படித்த எழுத்துகள்தான் இன்றும் என்னிடம் இருக்கின்றன. அவற்றிலும் சில தேய்ந்து மறந்துவிட்டன. இதையும் வாயால் சொல்கிறேன், கணினி எழுதித் திருப்பி வாசிக்கிறது, பிடிக்காத இடத்தில் நிறுத்தி மாற்றுகிறேன். ஆனால் எழுத்துத் தெரியாதவள் என்று என்னை ஒருவரும் குறைவாகச் சொல்ல நான் விட்டதில்லை. கணினிக்குச் சொல்லி வைக்கிற சின்னக் கட்டளைகள்தான் எங்கள் ஸ்கிரிப்ட்டுகள்; அவற்றில் விரல் இன்னொருவருடையது, வாய் என்னுடையது. இந்தப் பக்கம் இப்படிப் பேச வேண்டும் என்று நான் சொல்வேன், அவர் அதை எழுதுவார். பிரவுசருக்குள் பக்கம் வந்து இறங்கியதும் அந்தச் சின்ன ஸ்கிரிப்ட் ஓடிப்போய் அதை எங்கள் காதுக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தும். பக்கத்தைக் கட்டியவர்களிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

அந்த விரல்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். டவுனில் பறங்கியர் குடும்பத்து மனிதர். வீட்டுக்குள் போர்த்துக்கீசும் வெளியில் தமிழும் பேசுவார். றேடியோ திருத்துகிற கடை வைத்திருந்து கணினிக்கு மாறியவர். நான் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னைப் பெரியக்கா என்பார். நான் தங்கியிருந்த வீட்டில் எல்லோருக்குமே நான் பெரியக்காதான்.

அந்த வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிற நிலத்தில் இருந்தது. கண் தெரியாத பெண்கள் தங்கி, நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னிப் பிழைக்கிற வீடு. சுனாமி எங்கள் மதிலையும், எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையில் பாதி வீடுகளையும் கொண்டுபோயிற்று. மதிலைத் திரும்பக் கட்டிக் கொடுத்தவர்கள், பேசுகிற கணினி ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார்கள். அதன் குரல் ஓர் ஆணின் குரல். வாய் நிறைய வெற்றிலையை அதக்கிக்கொண்டு, எதிலும் பட்டுக்கொள்ளாமல் பேசுகிற குரல். பிரம்பு பின்னுகிற பெண்கள் அதற்கு 'அத்தான்' என்று பெயர் வைத்தார்கள். காலையில் நான் பொத்தானை அமத்தியதும், "அத்தான் எழும்பிட்டார், சீலையைச் சரி பண்ணுங்கடி" என்று ஒருத்தி சொல்வாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த நாட்களில் சிரிப்பு அவ்வளவாக இல்லை. அதனால் அதை நினைவில் வைத்திருக்கிறேன்.

வாவியில் மீன் பாடுமாமே, கேட்டிருக்கிறீர்களா என்று வெளியூரார் எங்களைக் கேட்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் காது முழுக்கக் கடல் பக்கமாகத்தான் திரும்பிக் கிடந்தது. காற்று மாறினால் ஒழுங்கை எழும்பும். "கடல் வருகுது" என்று யாரோ ஒருவர் சொன்னால் போதும், வாவியைத் தாண்டி டவுனுக்குப் போகிற பாலத்துக்கு மூட்டையோடு ஓடுவார்கள். பிறகு சேறும் வெட்கமுமாகத் திரும்பி வருவார்கள். உண்மையான செய்தி ஓர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் தமிழில் வரும் என்று தம்பி கண்டுபிடித்துச் சொன்னார். திறந்து பார்த்தால் எச்சரிக்கை படமாகப் போடப்பட்டிருந்தது. அத்தான் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். கடல் வந்தாலும் அவர் "படம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

எங்கள் முதல் ஸ்கிரிப்ட் அந்தப் படத்துக்கு வாய் கொடுத்தது. இரண்டாவது, மறைந்து கிடப்பவற்றை வெளியே இழுத்தது. இணையப் பக்கங்களில் மடித்து வைத்த இடங்கள் நிறைய உண்டு. கண் உள்ளவர்கள் அமத்தினால் விரியும், எங்களுக்கு விரியாது, அத்தான் தாண்டிப் போய்விடுவார். எல்லாவற்றையும் வெளியில் எடுத்துப் போடச் சொன்னேன். மறைப்பதா காட்டுவதா என்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம் என்றேன். இன்றைக்கும் அந்தச் சொல்லிலிருந்து நான் இறங்கமாட்டேன். தம்பி அப்படியே எழுதினார். அலுவலகத்தில் யாரோ பக்கத்துக்குள் மறந்துவிட்ட குறிப்புகள்கூட வெளியே வந்தன. "இந்தப் பந்தி சரியில்லை, நாளைக்கு மாற்றவும்" என்று அத்தான் ஒரு நாள் வாசித்தபோது, பெரிய அலுவலகத்தின் குசினிக்குள் எட்டிப் பார்த்ததுபோல எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

இது ஒழுங்கைக்குத் தெரிந்ததும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. எங்கள் முற்றத்து வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. அத்தான் சொன்னால் நாங்கள் அடிக்க வேண்டும். நாங்கள் அடித்தால் ஒழுங்கை கேள்வி கேட்காமல் புறப்பட வேண்டும். விளையாட்டுக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. கரைவலை இழுக்கிற நாட்களில் மீனில் ஒரு பங்கு எங்கள் வாசலுக்கு வரும். கண்ணுள்ள ஒழுங்கை, கண் தெரியாத வீட்டைத் தன் காதாக வைத்துக்கொண்டது.

அந்தக் கம்பிக்குப் பொறுப்பு பூமணி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். சுனாமி அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோயிற்று. அவளைத் தென்னையில் கொண்டுபோய்ச் செருகிவிட்டுப் போயிற்று. அதன் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிரம்பை மற்றவர்களைவிட இறுக்கமாகப் பின்னுவாள். அவள் பின்னிய நாற்காலியில் உட்கார்ந்தால் மரப்பலகைபோல இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு வந்த இரண்டாவது மாரி அது. மாவட்டத்தின் வடக்கே சண்டை. கிரான் பக்கத்திலிருந்து ஷெல் சத்தம் பகலிலும் கேட்டது. என் பனிச்சங்கேணிச் சனம் மூட்டை முடிச்சோடு டவுன் பள்ளிக்கூடங்களில் வந்து கிடந்தது. கல்லடிப் பாலத்தில் ஆமியின் சென்றி, காவலரண். அங்கே துவக்கோடு நின்ற பொடியன்களும் பயந்துபோய்த்தான் நின்றார்கள். பாலத்தை நோக்கி ஒரு கூட்டம் கத்திக்கொண்டு ஓடி வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள், விரல் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்கிறேன். தண்டவாளத்தை அடிப்பது அந்த நாட்களில் இரண்டு பக்கமும் கூர் உள்ள காரியம். அடிக்காவிட்டால் கடல். அடித்தால் பாலம்.

ஒரு காலை. வாவியிலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து முற்றத்தில் நின்றது. பனிமூட்டத்தை நான் கேட்டே அறிவேன். சத்தங்களின் ஓரம் மழுங்கி, தூரத்துச் சைக்கிள் பக்கத்தில் போவதுபோல இருக்கும். பெண்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அத்தான் வெப்பநிலை சொன்னார், காற்றின் திசை சொன்னார். பிறகு அதே குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னார்:

"சுனாமி எச்சரிக்கை. கிழக்குக் கரையோர மக்கள் உடனடியாக உயரமான இடங்களுக்குச் செல்லவும். அலை கரையை அடையும் நேரம். பாதிக்கப்படும் இடங்கள். தொடர்புகளுக்கு."

பிரம்புகள் நின்றன. முற்றத்துப் பக்கம் ஒரு காலடி போயிற்று. கொழுவியிலிருந்து கம்பியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

வீட்டில் கண் உள்ளவள் சமையல்காரி சின்னப்பிள்ளை மட்டும்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவளைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னேன். எச்சரிக்கை என்றால் சிவப்பாக இருக்கும் என்று தம்பி சொல்லியிருந்தார்.

"சிவப்பா ஒண்டும் இல்ல பெரியக்கா," என்றாள் சின்னப்பிள்ளை. "நீலமும் வெள்ளையும்தான் கிடக்கு. மேல ஒரு சூரியன்ட படம்."

பின்னால் இருந்து ஒருத்தி, கண்ணுக்கு மறைக்கிறதுதானே நமக்குக் கேட்கும், அதுக்குத்தானே இந்த ஸ்கிரிப்ட் என்றாள். அவள் சொன்னது நியாயம். நாங்கள் இத்தனை காலமும் அதைத்தான் நம்பினோம். கண்ணா காதா என்று வந்தால் எங்கள் வீடு காதின் பக்கம்தான் நிற்கும். நானும் காதின் பக்கம்தான் நின்றேன். ஆனால் என் காதில் இன்னொன்றும் விழுந்திருந்தது.

பக்கம் சட்டென்று இறங்கியிருந்தது. அந்த நாட்களில் இணையம் தொலைபேசிக் கம்பியில் வரும், ஊர்ந்து ஊர்ந்து வரும். முன்னொரு தடவை புயல் எச்சரிக்கை விழுந்தபோது நாடே அந்தப் பக்கத்தில் ஏறி நின்றது. வெகு நேரம் எங்களுக்குப் பக்கம் திறக்கவே இல்லை. இன்றைக்குக் குடத்திலிருந்து தண்ணீர் வார்த்ததுபோல வந்துவிட்டது. அப்படியென்றால் வேறு யாரும் அங்கே இல்லை. கடல் வருகிற நாளில் அந்தப் பக்கம் இப்படி வெறிச்சென்று கிடக்குமா?

ஆனால் அது முடிவான சாட்சி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எச்சரிக்கை இப்போதுதான் விழுந்திருக்கலாம். முதலில் கேட்ட ஆள் நானாக இருக்கலாம். பிள்ளைகளே, நெருக்கடி நேரத்தில் உங்களிடம் அரைகுறைச் சாட்சிதான் இருக்கும். முழுச் சாட்சி வந்த பிறகு தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியும்.

திரும்பிவர முடியாத காரியத்தையும் திரும்பிவரக்கூடிய காரியத்தையும் முதலில் பிரித்தேன். எங்கள் பெண்களைப் பக்கத்துப் பள்ளிக்கூட மேல்மாடிக்குக் கூட்டிப்போகச் சின்னப்பிள்ளையிடம் சொன்னேன். ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து, குளிக்கப் போவதுபோலப் போங்கள், ஒரு சத்தமும் வேண்டாம் என்றேன். எச்சரிக்கை பொய்யானால் இறங்கி வரலாம். அதில் யாருக்கும் நட்டம் இல்லை. தண்டவாளம் அப்படியல்ல. அடித்த சத்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

முற்றத்துக்குப் போனேன். பூமணியின் மூச்சு கேட்டது.

"அண்டைக்கு நான் கேட்டன் பெரியக்கா," என்றாள். "ரெயில் வாற மாதிரி ஒரு சத்தம். என்ன சத்தம், என்ன சத்தமெண்டு படலையில நிண்டு கத்திக் கேட்டன். ஓடுறாக்கள்ர காலடிதான் கேட்டிச்சு. ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல."

நான் அவளுடைய கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அடித்திருப்பாள்.

"அடிக்க வேணாமெண்டு நான் சொல்லல்ல மகள்," என்றேன். "அத்தான் இன்னொருக்கா சொல்லட்டும். கம்பி உன்ட கையிலயே இரிக்கட்டும். கடலைக் கேட்டுக்கிட்டு நில்லு. சத்தம் மாறினா என்னைக் கேக்காம அடி."

கடல் பக்கம் முகம் கிறுகி நின்றாள் என்பதை அவளுடைய மூச்சு போன திசையால் அறிந்தேன். அந்த ஒழுங்கையில் கடலை அவளைவிட நன்றாகக் கேட்கக்கூடியவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் அவளிடம் விட்டேன். சமாதானம் சொல்லி உட்காரவைத்த ஆளிடம் தன் கையை அடக்குகிற பலம் இருக்காது. பொறுப்பைக் கையில் வாங்கிய ஆளிடம் இருக்கும்.

உள்ளே வந்து பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். மறுபடியும் சட்டென்று வந்தது. அத்தான் அதே சொற்களைச் சொன்னார். "அலை கரையை அடையும் நேரம். பாதிக்கப்படும் இடங்கள். தொடர்புகளுக்கு." நேரத்துக்கும் இடங்களுக்கும் இடையில் ஒரு வெறும் இடம் எனக்குத் தட்டுப்பட்டது. காலை எடுத்து வைத்த இடத்தில் படி இல்லாததுபோல. நேரம் என்று சொல்லிவிட்டு நேரத்தைச் சொல்லாமல் ஏன் போகிறார்?

அத்தானுக்கு ஒரு பழக்கம் இருந்தது. புள்ளி, கோடு, அடைப்பு எல்லாவற்றையும் பெயர் சொல்லி வாசிப்பார். கேட்கிறவருக்குத் தலை வெடிக்கும். நாங்கள் முதல் வாரமே அதை அடக்கிவிட்டோம். இப்போது அந்த வாயைத் திறந்துவிட்டேன்.

"அலை கரையை அடையும் நேரம். கோடு கோடு கோடு கோடு. பாதிக்கப்படும் இடங்கள். கோடு கோடு கோடு கோடு."

நான் நாற்காலியில் சாய்ந்தேன். அது இன்றைய எச்சரிக்கை இல்லை. என்றைக்கோ ஒரு நாளைக்காக முன்கூட்டியே எழுதி, நேரத்துக்கும் இடத்துக்கும் கோடு இழுத்துவிட்டு, நேற்றோ இன்றோதான் யாரோ பக்கத்துக்குள் மறைத்து வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைத்த வெள்ளைச் சீலைபோல. நாள் வந்தால் கோட்டை நிரப்பி வெளியே எடுப்பார்கள். எங்கள் ஸ்கிரிப்ட் பெட்டியைத் திறந்து அதை உதறிக் காட்டிவிட்டது.

பூமணியிடம் போய்ச் சொன்னேன். அவள் உடனே கம்பியை வைக்கவில்லை. பனிமூட்டம் விலகி, ஓடத்து மோட்டார்ச் சத்தம் வாவியில் தெளிவாகக் கேட்கிற வரை நின்றாள். பிறகு கொழுவியில் இரும்பு தட்டியது.

தம்பி சென்றியில் மறிபட்டு, வெயில் ஏறிய பிறகு வந்தார். நடந்ததைக் கேட்டதும் கணினியின் முன்னால் உட்கார்ந்து, மறைந்த எல்லாவற்றையும் பழையபடி மறைத்துவிடுகிறேன் என்றார். பூமணி வாசலில் நின்றாள்.

"அதை மறைச்சுப் போடாதீங்க தம்பி."

"அது வெறுங்கோடு பூமணி. கோட்டைக் கேட்டுத்தானே இண்டைக்கு இவ்வளவும்."

"ஓம், கோடுதான். அந்தக் கோட்டில நேரம் விழுந்தா எனக்குத் தெரியணும். சிவப்புப் படம் வாறதுக்கு முன்னுக்குத் தெரியணும்."

தம்பி சிரிக்கவில்லை. அன்று முழுக்க இருந்து எழுதினார். ஸ்கிரிப்ட் தானாகவே பக்கத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். கோடு கோடாக இருக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. நேரம் விழுந்த கணமே, வேறு எதை வாசித்துக்கொண்டிருந்தாலும் இடையில் புகுந்து சொல்ல வேண்டும். முடித்துவிட்டு, "பெரியக்கா, கிடக்கிறது எல்லாத்தையும் சொல்றது ஒரு வேலை. அது எப்பவுக்கானது எண்டு சொல்றது மற்ற வேலை. நாம ஒண்டைச் செஞ்சிட்டு ரெண்டும் முடிஞ்சுதெண்டு இரிந்திட்டம்," என்றார். நான் இதுவரை கேட்ட பாடங்களில் அதற்கு மேலே ஒன்றை வைக்கமாட்டேன்.

ஒழுங்கைக்குச் செய்தி போகாமல் இருக்குமா? பெண்கள் வரிசையாக மாடி ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். கரைவலைக்காரர் ஒருவர் படலையில் நின்று, "என்ன பூமணி, உங்கட அத்தான் பொய்யும் சொல்லுவாரோ?" என்று கேட்டார்.

"பொய் சொல்லல்ல அண்ணன்," என்றாள் பூமணி. "நித்திரையில பறைஞ்சவர்."

அந்தக் கிழமையும் மீன் பங்கு வந்தது.

சண்டை முடிந்தது. முதலில் எங்கள் பக்கம், பிறகு வடக்கில். சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு நாள் தவளைகளை மட்டும் கேட்டேன். சென்றியின் மண்மூட்டைகளை எடுத்தார்கள். ஒழுங்கையில் வீடுகள் எழும்பின. கடலை மறந்த பிள்ளைகள் பிறந்து ஓடித் திரிந்தார்கள். அலுவலகம் தன் பக்கத்தை மாற்றும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் உடையும், தம்பி வந்து தைப்பார். இன்னும் இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு என்போம். அந்தக் கோடுகள் பக்கத்துக்குக் கீழே உறங்கிக் கிடந்தன. நாங்கள் அவற்றின் மேல் சமையல் குறிப்பும், மாமாங்கத் தீர்த்தத் திருவிழாச் செய்தியும், நெல் விலையும் கேட்டுக்கொண்டு வாழ்ந்தோம்.

ஒரு பின்னேரம், காற்றில்லாத வெக்கை. அத்தான் ஏதோ ஒரு செய்தியை வாசித்துக்கொண்டிருந்தார். சொல்லின் நடுவிலேயே நின்றார். பிறகு எச்சரிக்கையைச் சொன்னார். நேரத்தைச் சொன்னார். இடங்களைச் சொன்னார், எங்கள் மாவட்டத்தின் பெயரையும் சொன்னார். ஒரு கோடும் இல்லை.

நான் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். அது வரவில்லை. நாடு ஏறிவிட்டது.

"பூமணி" என்று கூப்பிடத் திரும்பினேன். அவள் அங்கே இல்லை. தண்டவாளம் பேசத் தொடங்கிவிட்டது.

ஒருவரும் படலைக்கு வந்து என்ன, ஏது என்று கேட்கவில்லை. அதைத்தான் கவனித்தேன். கதவுகள் திறந்தன, ஒரு குழந்தை அழுதது, சைக்கிள்கள், செருப்புகள், "ஆச்சியைத் தூக்கு" என்று ஒரு குரல். கத்தல் இல்லை. எல்லாக் காலடியும் ஒரே திசையில் பாலத்துக்குப் போயின. எங்கள் பெண்களைச் சின்னப்பிள்ளை கூட்டிக்கொண்டு போனாள். அடிக்கிறவள் கடைசியாகத்தான் போக வேண்டும் என்பது பேச்சு. நான் அவள் பக்கத்தில் நின்றேன். காலடிகள் மெலிந்து, தூரமாகி, கரைந்தன.

பூமணி கம்பியை நிறுத்தினாள்.

"ஆராவது இரிக்காங்களா பெரியக்கா?"

கேட்டேன். எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. ஒரு வீட்டில் றேடியோ ஆள் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் சோறு பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. ஒரு மனித மூச்சு இல்லை. இத்தனை வருஷம் அந்த ஒழுங்கையில் இருந்திருக்கிறேன், அதை அவ்வளவு வெறுமையாக நான் கேட்டதே இல்லை. பட்டப்பகலில் கனவுக்குள் நிற்பதுபோல இருந்தது.

"ஒருத்தரும் இல்ல," என்றேன்.

"அப்ப நாமளும் போவம்," என்றாள். சுவரைத் தடவிக்கொண்டு, திறந்து கிடந்த வாசல்களைத் தாண்டி, இருவரும் பாலத்துக்கு நடந்தோம்.

அன்றைக்குக் கடல் வரவில்லை. பொழுது சாய்ந்து, ஆபத்து நீங்கியது என்று சொன்ன பிறகு, எல்லோரும் பாலத்தால் திரும்பி நடந்தோம். வராத கடலுக்காக யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. கரைவலைக்காரர் ஒருவர் மட்டும், வீட்டில் சோறு அடிப்பிடித்துப் பானை கருகிப்போயிருக்கும், மனைவி வாய் ஓயாமல் ஏசிக்கொண்டு வருகிறாள் என்று பூமணியிடம் முறையிட்டுக்கொண்டே கூட நடந்தார்.

"வேற பானை வெக்கச் சொல்லுங்க அண்ணன்," என்றாள் பூமணி. "திங்கிறதுக்கு ஆக்கள் எல்லாரும் இரிக்காங்களே."